ஷெல் ப்ராம்ப்ட்: கையால் எழுதுவதா, ஸ்டார்ஷிப்பா, பவர்லெவலா?

டெர்மினலில் நாம் கமாண்ட் அடிக்கும் இடத்துக்கு முன்னால் வந்து நிற்கும் வரிதான் ப்ராம்ப்ட்; அதைத் திரையில் போட்டு, கமாண்டை வாங்கி ஓட்டும் நிரல் ஷெல். "எந்த ப்ராம்ப்ட் நல்லது?" என்று யாராவது கேட்டால் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: ஒரு நாளில் எத்தனை மெஷினுக்குள் போய் வருகிறீர்கள்? ஒரே லேப்டாப்பில் காலையிலிருந்து மாலை வரை புரோகிராம் எழுதுகிறவருக்கும், தொலைவிலுள்ள மெஷினுக்குள் நுழைய உதவும் எஸ்எஸ்எச் வழியாகப் பத்து சர்வர்களில் புகுந்து வெளியேறுகிறவருக்கும் ஒரே பதில் கிடையாது. இதைக் கேட்காமலேயே ஸ்க்ரீன்ஷாட்டைப் பார்த்து அம்புக்குறியும் ஐகானும் நிறைந்த ஒரு தீம் (ஆயத்த அலங்காரம்) போட்டுக்கொண்டு, இரண்டு மாதத்தில் கழற்றி எறிந்தவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். நானும் அதில் ஒருவன்.

இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ப்ராம்ப்ட்டை யாரும் படிப்பதில்லை. கண் அதன் மேல் ஓடிப்போகிறது, அவ்வளவுதான். ஒரு நாளைக்கு நூற்றுக்கணக்கான முறை திரையில் வந்து நிற்கும் ஒரு வரியில், மாறாமல் இருக்கும் எதுவும் சில நாட்களில் கண்ணுக்கு மறைந்துவிடும். யூசர் பெயர், மெஷின் பெயர், மணி, பேட்டரி, நோடு பதிப்பு, பைத்தான் பதிப்பு என்று வரிசையாக அடுக்கினால், அடுக்கிய எல்லாமே சுவரில் ஒட்டிய பழைய நோட்டீஸ் மாதிரிதான். வழக்கத்துக்கு மாறாக ஏதாவது இருக்கும்போது மட்டும் தலைகாட்டும் தகவலே கண்ணில் படும். கீழே நான் ஒப்பிடும் ஒவ்வொன்றையும் இந்த அளவுகோலில்தான் நிறுத்திப் பார்க்கிறேன்: வேண்டியபோது மட்டும் காட்டு, மற்ற நேரம் சும்மா இரு என்று இதனிடம் சொல்வது எவ்வளவு எளிது?

இதைக் கற்றுக்கொடுத்தது ஒரு தவறு. முன்பு வேலை செய்த இடத்தில் சோதனை சர்வர் ஒன்று, நிஜ சர்வர் ஒன்று. பெயரில் கடைசி எழுத்து மட்டும் வேறு. இரண்டு டேப் திறந்திருந்தது. சோதனை சர்வரில் டேட்டாபேஸை நிறுத்தி ஏற்றுவதாக நினைத்துக்கொண்டு நிஜ சர்வரில் நிறுத்தினேன். பிறகு திரையை மேலே உருட்டிப் பார்த்தால் ப்ராம்ப்ட்டில் சர்வர் பெயர் தெளிவாகத்தான் இருந்தது. அதற்கு முன் அடித்த பதினைந்து கமாண்டுக்கு முன்னாலும் இருந்தது. என் கண்ணில்தான் ஒருமுறைகூடப் படவில்லை. அன்று மாலையே நிஜ சர்வரின் ப்ராம்ப்ட்டைச் சிவப்புப் பின்னணிக்கு மாற்றினேன். எழுத்தைத் தவறவிடும் கண் நிறத்தைத் தவறவிடுவதில்லை.

கையால் எழுதும் பிஎஸ்1

பாஷ் ஷெல்லை பிரயன் ஃபாக்ஸ் 1989-ல் ஞூ என்ற கட்டற்ற மென்பொருள் திட்டத்துக்காக எழுதினார். ப்ராம்ப்ட் எப்படி இருக்க வேண்டும் என்பதை பிஎஸ்1 என்ற ஒரே மாறிதான் அதில் தீர்மானிக்கிறது. அதற்கும் முந்தைய போர்ன் ஷெல்லிலிருந்து வந்த ஏற்பாடு இது. சாதாரண யூசருக்கு $, எல்லா அதிகாரமும் உள்ள ரூட் யூசருக்கு # என்ற வழக்கமும் அங்கிருந்துதான் வருகிறது. பேக்ஸ்லாஷுக்குப் பின்னால் ஒரு எழுத்தைப் போட்டால் யூசர் பெயர், இன்னொன்றைப் போட்டால் மெஷின் பெயர், வேறொன்றைப் போட்டால் நிற்கும் ஃபோல்டர். டெபியன், உபுண்டு வகையறாக்களில் இயல்பாகவே வருவது இப்படி இருக்கும்:

நான்@லேப்டாப்:~/வேலை/கணக்கு$

இதில் பெரிய குறை ஒன்றும் இல்லை. நிறம், கடைசிக் கமாண்ட் தோற்றதா என்ற அடையாளம், கிட் பிராஞ்ச் (நிரலின் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கிட் கருவியில் இப்போது நிற்கும் கிளை) ஆகிய மூன்றைச் சேர்த்தால் பெரும்பாலானவர்களுக்கு அது போதும். பத்துப் பன்னிரண்டு வரியில் முடிகிற வேலை. எதையும் நிறுவ வேண்டாம். எந்த சர்வரிலும் ஒட்டலாம், இணையமே இல்லாத மெஷினிலும் ஓடும். சர்வர் வேலைதான் முழுநேரம் என்பவருக்கு இதை மிஞ்சிய தேர்வு இல்லை என்பது என் கட்சி.

ஆனால் கையால் எழுதுகிறவர்கள் எல்லோரும் ஒரே மூன்று குழிகளில் விழுகிறார்கள்.

முதல் குழி, நிறம். நிறத்துக்கான எஸ்கேப் குறிகள் திரையில் இடம் பிடிப்பதில்லை. ஆனால் அது பாஷுக்குத் தெரியாது. நாம் சொல்லாவிட்டால் அவற்றையும் கண்ணுக்குத் தெரியும் எழுத்துகளாக எண்ணிக்கொள்கிறது. குறுகிய கமாண்ட் அடிக்கும் வரை ஒன்றும் தெரியாது. நீளமாக ஒன்றை அடித்தால் வரி அடுத்த வரிக்கு இறங்காமல், அதே வரியின் தொடக்கத்துக்குப் போய் ப்ராம்ப்ட்டின் மேலேயே எழுதத் தொடங்கும். மேல் அம்புக்குறியை அழுத்திப் பழைய கமாண்டுகளைப் புரட்டினால், முந்தையதன் வால் ஒன்றிரண்டு எழுத்து அழியாமல் ஒட்டிக்கொண்டிருக்கும். "டெர்மினல் கெட்டுவிட்டது" என்று ஓடி வருகிறவர்களில் பாதிப்பேரின் பிரச்சினை இதுதான். ஒவ்வொரு நிறக் குறியையும் \[ என்பதற்கும் \] என்பதற்கும் நடுவில் வைத்துவிட்டால் தீர்ந்தது. அகலக் கணக்கில் அந்தப் பகுதியைச் சேர்க்காதே என்று அதற்கு அர்த்தம்.

இரண்டாவது குழி, மேற்கோள் குறி. பிராஞ்ச் பெயரைக் கண்டுபிடிக்கும் கமாண்டை பிஎஸ்1-க்குள் போடும்போது இரட்டை மேற்கோள் வைத்தால், அந்த வரியைப் படிக்கும் நொடியில் ஒரே ஒரு தடவை ஓடி, கிடைத்த விடை அப்படியே உறைந்துவிடும். டெர்மினலைத் திறந்தபோது எந்த பிராஞ்சில் இருந்தீர்களோ அதையே நாள் முழுக்கக் காட்டும். பிராஞ்ச் மாறிய பிறகும் பழையதையே காட்டும் ப்ராம்ப்ட், எதையுமே காட்டாத ப்ராம்ப்ட்டைவிட மோசம். ஒற்றை மேற்கோளுக்குள் வையுங்கள். ஒவ்வொரு முறை ப்ராம்ப்ட் வரும்போதும் புதிதாக ஓடும்.

மூன்றாவது, வெளியேறு எண். முந்தைய கமாண்ட் வென்றதா தோற்றதா என்பது $? என்பதில் இருக்கும். ஆனால் இடையில் நீங்கள் எதை ஓட்டினாலும் அது மாறிவிடும். ப்ராம்ப்ட் வருவதற்கு முன் பாஷ் ஓட்டும் ப்ராம்ப்ட் கமாண்ட் என்ற ஏற்பாட்டில் உங்கள் ஃபங்ஷனைச் சேர்க்கும்போது, அதன் முதல் வரியிலேயே இந்த எண்ணை எடுத்து ஒரு மாறியில் பத்திரப்படுத்துங்கள். இரண்டாவது வரிக்குத் தள்ளிப்போட்டால் உங்கள் ஃபங்ஷனின் சொந்த வெற்றியைத்தான் காட்டிக்கொண்டிருப்பீர்கள்.

எண்ணைக் காட்டுவதா, நிறத்தை மட்டும் மாற்றுவதா என்பது அவரவர் விருப்பம். எனக்கு எண் வேண்டும். 127 என்றால் அப்படி ஒரு கமாண்டே இல்லை. 126 என்றால் இருக்கிறது, ஆனால் இயக்க முடியவில்லை. 130 என்றால் நானே கன்ட்ரோல்-சி அழுத்தி நிறுத்தியது. 137 என்றால் 128 கூட்டல் 9, அதாவது யாரோ அதைக் கொன்றிருக்கிறார்கள்; பல நேரம் அந்த "யாரோ" நினைவகம் தீர்ந்ததால் களமிறங்கிய கர்னல், அதாவது இயங்குதளத்தின் மையப்பகுதி. வெறும் சிவப்பு இவ்வளவையும் சொல்லாது. கோப்புக்குள் தேடும் கிரெப் கமாண்ட் எதையும் கண்டுபிடிக்காவிட்டாலும் 1 திருப்பும், ப்ராம்ப்ட் சிவக்கும். அது பிழையே அல்ல. பழகிக்கொள்ள வேண்டியதுதான்.

கிட் பிராஞ்சுக்கு நீங்களாக எதையும் எழுத வேண்டாம். கிட் மூலநிரலோடு கூடவே ப்ராம்ப்ட்டுக்கென்று ஒரு ஸ்கிரிப்ட் வருகிறது. பல லினக்ஸ் வெளியீடுகளில் கிட் நிறுவும்போதே அதுவும் வந்துவிடும். அதை எடுத்துக்கொள்வதற்குப் பாதுகாப்பும் ஒரு காரணம். பிராஞ்ச் பெயரை நேரடியாக ப்ராம்ப்ட்டுக்குள் கொட்டினால், பெயருக்குள்ளேயே கமாண்ட் ஒன்றை ஒளித்துவைத்த பிராஞ்ச் ஒன்றை யாராவது அனுப்பி, நீங்கள் அதற்கு மாறிய உடனே அதை உங்கள் மெஷினில் ஓடவைக்க முடியும். அந்த ஸ்கிரிப்ட்டிலேயே இந்த ஓட்டை ஒரு காலத்தில் இருந்து அடைக்கப்பட்டிருக்கிறது. அவசரத்தில் நாமாக எழுதும் ஒற்றை வரியில் அது இன்னும் திறந்தே கிடக்கும்.

மேக் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. ஆப்பிள் கூடவே தரும் பாஷ் இன்னும் 3.2-தான், உரிமக் காரணத்தால் அதற்கு மேல் ஏறவில்லை. நீளமான ஃபோல்டர் பாதையைத் தானாகக் கத்தரிக்கும் வசதி 4.0-லும், கமாண்ட் ஓடத் தொடங்கும் முன் ஒரு வரி அச்சிடும் பிஎஸ்0 என்பது 4.4-லும்தான் வந்தன. லினக்ஸில் எழுதியதைக் கொண்டுபோய் மேக்கில் ஒட்டிவிட்டு, ஏன் வேலை செய்யவில்லை என்று தலையைப் பிய்த்துக்கொள்ள வேண்டாம்.

பிஎஸ்0 பற்றி ஒன்று சொல்லியே ஆக வேண்டும். ப்ராம்ப்ட்டில் மணி வைத்திருப்பவர்கள் அதைக் கமாண்ட் தொடங்கிய நேரம் என்று நினைத்துக்கொள்கிறார்கள். கிடையாது. அது ப்ராம்ப்ட் வரையப்பட்ட நேரம், அதாவது முந்தைய கமாண்ட் முடிந்த நேரம். நீங்கள் டீ குடிக்கப் போய்விட்டு வந்து அரை மணி கழித்து ஒரு கமாண்ட் அடித்தால், அதன் பக்கத்தில் அரை மணிக்கு முந்தைய நேரம்தான் இருக்கும். ஏதோ ஒன்று எத்தனை மணிக்கு நடந்தது என்று பிறகு தேடுகிறவருக்கு இது பெரிய வித்தியாசம். தொடங்கிய நேரம் வேண்டுமென்றால் மணியை பிஎஸ்0-வில் வையுங்கள்.

இசட்ஷெல்லும் அதன் சுற்றமும்

இசட்ஷெல்லை 1990-ல் பால் ஃபால்ஸ்டாட் எழுதினார். 2019-ல் கேட்டலினா வெளியானபோது மேக்கின் இயல்பு ஷெல் ஆகி, அதற்குப் பிறகுதான் பலருக்கு அறிமுகமானது. ப்ராம்ப்ட் விஷயத்தில் பாஷைவிட இது ஒரு படி மேல் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. வலது ஓரத்துக்குத் தனி ப்ராம்ப்ட் உண்டு. அடிக்கும் வரி நீண்டு அதை எட்டும்போது அதுவே ஒதுங்கிக்கொள்ளும். நிறங்களை அதற்குரிய சதவீதக் குறியால் எழுதினால் அகலக் கணக்கைத் தானே பார்த்துக்கொள்ளும், முதல் குழி இங்கே கிடையாது. முக்கியமாக, நிபந்தனை. "முந்தைய கமாண்ட் தோற்றிருந்தால் மட்டும் இதைக் காட்டு", "ரூட்டாக இருந்தால் மட்டும் இதைக் காட்டு" என்பதை ப்ராம்ப்ட் வரிக்குள்ளேயே ஒரு அடைப்புக்குறியில் சொல்லிவிடலாம். என் அளவுகோலுக்கு இதுதான் பொருத்தம்.

கிட் தகவலுக்கு விசிஎஸ் இன்ஃபோ என்று உள்ளேயே ஒரு பகுதி இருக்கிறது. பிராஞ்ச் பெயரை இயல்பாகக் காட்டும். மாற்றங்கள் இருக்கிறதா என்று தேடுவது மட்டும் இயல்பில் அணைந்திருக்கும், அது மெதுவாகும் என்பதால். அந்த எச்சரிக்கையில் அர்த்தம் இருக்கிறது, பிறகு வருகிறேன்.

இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்க்க வேண்டும். "நான் ஓ மை இசட்ஷெல் ப்ராம்ப்ட் போட்டிருக்கிறேன்" என்பார்கள். ராபி ரஸ்ஸல் 2009-ல் தொடங்கிய அது ப்ராம்ப்ட் அல்ல. ப்ளக்இன், சுருக்கப்பெயர், தானியங்கி நிரப்பல் எல்லாம் சேர்ந்த பெரிய மூட்டை. அதில் நூற்றுக்கு மேற்பட்ட தீம்கள் ஒரு மூலையில் இருக்கின்றன. ப்ராம்ப்ட்டுக்காக மட்டும் அதை நிறுவுவது, ஒரு ஸ்பூனுக்காகப் பாத்திரக் கடையையே வாங்குவது. டெர்மினல் திறக்கும் நேரம் கூடும். தீம்கள் பெரும்பாலும் ஒரே மாதிரியான நிலையான வரிகள். நிபந்தனையோடு காட்ட வேண்டுமென்றால் தீம் கோப்பைத் திறந்து நீங்கள்தான் எழுத வேண்டும். அதற்கு நேரடியாகவே எழுதிவிடலாமே. ப்ளக்இன்கள் வேண்டும் என்பவர்கள் தாராளமாக வைத்துக்கொள்ளலாம், அது வேறு கணக்கு.

அழகும் அடக்கமும் சேர்ந்து வேண்டுமென்றால் ப்யூர். சிந்தரே சோர்ஹஸ் எழுதியது. இரண்டு வரி: மேலே ஃபோல்டரும் பிராஞ்சும், கீழே ஒரே ஒரு குறி. தோற்றால் குறி சிவக்கும். எஸ்எஸ்எச் வழியாக வந்திருந்தால் மட்டும் யூசரும் மெஷினும் தெரியும். கமாண்ட் 5 நொடிக்கு மேல் ஓடியிருந்தால் மட்டும் எடுத்த நேரம் தெரியும். கிட் வேலைகளைப் பின்னணியில் ஓட்டுவதால் ப்ராம்ப்ட் உடனே வந்துவிடும், மாற்றம் இருக்கிறது என்ற குறி கொஞ்சம் கழித்து ஒட்டிக்கொள்ளும். எதைக் காட்டக் கூடாது என்று யோசித்து எழுதியிருக்கிறார்கள். அதிகம் மாற்றியமைக்க முடியாது என்று சிலர் குறைப்படுவார்கள். எனக்கு அதுதான் பிடித்தது.

பவர்லெவல்10கே: வேகம் உண்டு, வருங்காலம்?

வேகத்தில் இதை மிஞ்ச நான் எதையும் பார்க்கவில்லை. ரோமன் பெரெபெலிட்சா 2019-ல் எழுதியது. இரண்டு வித்தைகள் இதில் உண்டு. ஒன்று, டெர்மினலைத் திறந்ததும் சேமித்து வைத்த ப்ராம்ப்ட்டை உடனே திரையில் போட்டுவிட்டு, மற்ற கோப்புகளை அதன் பின்னால் ஏற்றுவது. நீங்கள் அடிக்கத் தொடங்கிவிடலாம். மற்றது, ஒவ்வொரு தடவையும் கிட்டை அழைக்காமல், கிட் நிலவரத்தைச் சொல்வதற்கென்றே சி++-ல் எழுதிய ஒரு துணை நிரலைப் பின்னணியில் உட்காரவைத்து அதனிடம் கேட்பது. பெரிய ரெப்போக்களில் (கிட் கண்காணிக்கும் திட்ட ஃபோல்டர்களில்) இந்த வித்தியாசம் விரலுக்கே தெரியும்.

முதல் முறை ஓட்டினால் கேள்வி கேட்டு அமைத்துத் தரும்: இந்த ஐகான் தெரிகிறதா, ஒரு வரியா இரண்டு வரியா, நிறம் எப்படி. "கமாண்ட் அடிக்கும்போது மட்டும் காட்டு" என்றொரு வசதியும் உண்டு. பல மெஷின்களை ஒன்றாக நிர்வகிக்கும் குபர்னெட்டிஸின் கிளஸ்டர் பெயரை எப்போதும் தொங்கவிடாமல், அதற்கான கமாண்டை நீங்கள் தட்டச்சு செய்யத் தொடங்கும்போது மட்டும் வலது பக்கத்தில் எழுப்பும். இந்த ஒரு யோசனைக்காகவே எழுதியவருக்குக் கைகொடுக்கத் தோன்றும்.

ஆனாலும் இன்று புதிதாகத் தொடங்குகிறவருக்கு இதை நான் சொல்லத் தயங்குவேன். புதிய வசதிகள் சேராது, பெரும்பாலான பிழைகள் சரிசெய்யப்படாது என்று திட்டத்தின் முகப்பிலேயே எழுதியிருக்கிறார்கள். ஏற்கெனவே வைத்திருப்பவர் அவசரப்பட்டு மாற வேண்டியதில்லை, நன்றாகத்தான் ஓடுகிறது. ஆனால் உள்ளே இருப்பது எளிய நிரல் அல்ல. ஒருநாள் ஏதாவது உடைந்தால் பிரித்துப் பார்த்துச் சரிசெய்ய நம்மில் எத்தனை பேரால் முடியும்? தவிர, இது இசட்ஷெல்லுக்கு மட்டும்தான். பாஷ் மட்டும் இருக்கும் சர்வருக்குள் போனால் பழைய வரிதான் வரவேற்கும்.

ஸ்டார்ஷிப்

மாத்தன் குஷ்னர் 2019-ல் தொடங்கிய, ரஸ்ட்டில் எழுதிய ஒரே ஒரு இயங்கு கோப்பு. பாஷ், இசட்ஷெல், ஃபிஷ், பவர்ஷெல், நூஷெல் என எதில் வேண்டுமானாலும் ஒரே அமைப்புக் கோப்பை வைத்து ஒரே ப்ராம்ப்ட்டைக் காட்டும். அலுவலக விண்டோஸில் பவர்ஷெல், வீட்டு மேக்கில் இசட்ஷெல் என்று அலைகிறவருக்கு இதுதான் விடை. அந்தக் கோப்பும் படித்தால் புரிகிற மாதிரி இருக்கிறது. பேக்ஸ்லாஷும் சதவீதமும் கலந்த கோலம் கிடையாது.

என் அளவுகோலில் இதற்கு நல்ல மதிப்பெண். நிற்கும் ஃபோல்டரில் பைத்தான் கோப்புகள் இருந்தால் மட்டும் பைத்தான் பதிப்பு, ரஸ்ட் திட்டமாக இருந்தால் மட்டும் ரஸ்ட் பதிப்பு. மெஷின் பெயர் எஸ்எஸ்எச் வழியாக வந்தால்தான். கமாண்ட் 2 நொடிக்கு மேல் ஓடினால்தான் எடுத்த நேரம். இவை எல்லாம் நீங்கள் எதையும் தொடாமலே வரும் இயல்பு.

ஆனால் அதன் தாராள மனசு அளவுக்கு மீறியது. நிறுவிய முதல் நாள் என் ப்ராம்ப்ட்டில் நோடு பதிப்பு, பேக்கேஜ் பதிப்பு, கிளவுட் கணக்கின் புரொஃபைல், ரீஜியன் எல்லாம் வரிசைகட்டி நின்றன. அடிக்க வேண்டிய இடம் தேட வேண்டியிருந்தது. திரையைப் பகிர்ந்துகொண்டு ஒருவருக்கு ஏதோ காட்டும்போது, அவர் என் கமாண்டை விட்டுவிட்டு "அந்த புரொஃபைல் பெயர் என்ன?" என்று கேட்டார். அன்றே அமைப்புக் கோப்பில், எல்லாவற்றையும் சேர்க்கும் இயல்பு வரியை எடுத்துவிட்டு எனக்கு வேண்டிய ஐந்து மாட்யூலை (ஒவ்வொரு தகவலையும் காட்டும் பகுதியை) மட்டும் பெயர் சொல்லி எழுதினேன். ஸ்டார்ஷிப் நிறுவுகிற யாரும் முதல் நாளே செய்ய வேண்டிய வேலை இது.

அதன் பலவீனம், காத்திருக்கவைப்பது. ஒவ்வொரு முறையும் ஒரு புதிய ப்ராசஸ் தொடங்கி, எல்லா மாட்யூலும் பதில் சொல்லி முடிந்த பிறகுதான் ப்ராம்ப்ட் வரும். ப்யூர் மாதிரிப் பின்னணியில் தேடி பிறகு ஒட்டுவது கிடையாது. ஏதாவது ஒரு கமாண்ட் இழுத்தடித்தால் 500 மில்லி நொடி வரை பொறுத்துப் பார்த்துவிட்டு அதை விட்டுவிடும். ஒரு எச்சரிக்கை வரியும் வரும். சிறிய திட்டங்களில் இதெல்லாம் தெரியவே தெரியாது.

தெரிகிற இடத்தில் நன்றாகவே தெரியும். லட்சக்கணக்கில் கோப்புகள் இருக்கும் ஒரு ரெப்போவில் வேலை செய்த காலத்தில் ஒவ்வொரு என்ட்டருக்கும் அரை நொடி போனது. யார்மேல் பழி போடுவது என்று பார்க்க அதிலேயே வழி இருக்கிறது: டைமிங்ஸ் என்ற துணைக் கமாண்டை ஓட்டினால் எந்த மாட்யூல் எத்தனை மில்லி நொடி எடுத்தது என்று பட்டியல் தரும். கிட் ஸ்டேட்டஸ் ஒன்றே மொத்த நேரத்தையும் தின்றுகொண்டிருந்தது. பிராஞ்ச் பெயர் சொல்வதற்கு கிட் ஒரு சின்னக் கோப்பைப் படித்தால் போதும். "மாற்றம் ஏதாவது உண்டா" என்று சொல்வதற்கோ மொத்தக் கோப்பு மரத்தையும் பார்த்தாக வேண்டும். இந்த இரண்டுக்கும் நடுவில் உள்ள தூரம்தான் எல்லா ப்ராம்ப்ட்டுகளின் வேகப் பிரச்சினையும். ஸ்டேட்டஸ் மாட்யூலை அணைத்தேன், வேகம் திரும்பியது. அணைக்க மனமில்லாதவர்கள் கிட்டின் கோப்புக் கண்காணிப்பு வசதியை இயக்கிப் பார்க்கலாம். 2022-ல் வந்த 2.37-லிருந்து விண்டோஸ், மேக் இரண்டிலும் அது கிட்டுக்குள்ளேயே இருக்கிறது.

எந்த ப்ராம்ப்ட்டுக்கும் என் சோதனை எளிது. உங்களிடம் இருக்கும் மிகப்பெரிய ரெப்போவுக்குள் போய் என்ட்டரை அழுத்திப் பிடியுங்கள். வரிகள் அருவி மாதிரி ஓடினால் நல்லது. திக்கித் திக்கி வந்தால் தினமும் அந்தத் திக்கலோடுதான் வாழப்போகிறீர்கள். கணக்காக அளக்க விரும்புகிறவர்களுக்கு, இசட்ஷெல்லுக்கென்று பவர்லெவல்10கே-வை எழுதியவரே ஒரு அளவுகருவி செய்திருக்கிறார். கமாண்டுக்கும் கமாண்டுக்கும் இடையே 10 மில்லி நொடிக்குள், டெர்மினல் திறந்து முதல் ப்ராம்ப்ட் வர 50 மில்லி நொடிக்குள் இருந்தால் மனிதனுக்குத் தாமதம் தெரியாது என்பது அதன் கணக்கு.

ஃபிஷ், பவர்ஷெல்

ஃபிஷ் ஷெல்லுக்கு மாறியவர்களுக்கு இந்தத் தலைவலி குறைவு. ப்ராம்ப்ட் என்பது அங்கே ஒரு சாதாரண ஃபங்ஷன். எழுதினால் அப்படியே படிக்கலாம். மாதிரிகளைப் பார்த்துத் தேர்ந்தெடுக்க உள்ளேயே வசதி உண்டு, கிட் தகவலும் உள்ளேயே உண்டு. கூடுதல் அலங்காரம் வேண்டுமென்றால் டைட் இருக்கிறது. ஆனால் பாஷ் ஸ்கிரிப்ட் வரிகளை அப்படியே அங்கே ஒட்ட முடியாது என்பதால், ப்ராம்ப்ட்டுக்காக மட்டும் ஷெல்லையே மாற்றுவதை நான் ஆதரிக்க மாட்டேன். விண்டோஸில் பவர்ஷெல் மட்டும்தான் என்பவர்கள் ஓ மை போஷ் பக்கம் போகலாம். ஸ்டார்ஷிப்போடு ஒப்பிட்டால் அமைப்புக் கோப்பு எழுதும் விதத்தில்தான் முக்கிய வேறுபாடு. எது கைக்கு வருகிறதோ அது.

எழுத்துருத் தொல்லை

ஐகான் வேண்டுமென்றால் நெர்ட் ஃபான்ட்ஸ் வேண்டும். வழக்கமான எழுத்துருக்களில் இல்லாத குறிகளை, யூனிகோடு தனிப் பயனுக்கு ஒதுக்கிய இடத்தில் ஒட்டுப்போட்டுச் சேர்த்தவை அவை. நினைவில் வைக்க வேண்டியது: எழுத்துரு இருக்க வேண்டியது சர்வரில் அல்ல, நீங்கள் உட்கார்ந்திருக்கும் மெஷினின் டெர்மினலில். வேறொருவர் மெஷினிலிருந்து உங்கள் சர்வருக்குள் நுழைந்தால் ஐகான் எல்லாம் கட்டம் கட்டமாகத் தெரியும். எடிட்டருக்குள் இருக்கும் டெர்மினலுக்கும் தனியாகச் சொல்ல வேண்டும். நான் ஐகானை விட்டு வருடங்கள் ஆகின்றன.

தமிழில் ஃபோல்டர் பெயர் வைப்பவர்களுக்கு இன்னொரு தொல்லை. கொக்கியும் கொம்பும் புள்ளியும் தனித்தனிக் குறியீடுகள் என்பதால், ஓர் எழுத்து எத்தனை கட்டம் அகலம் என்பதில் ஷெல்லும் டெர்மினலும் ஒத்துப்போகாமல் கர்சர் ஒன்றிரண்டு இடம் தள்ளி நிற்கும். நிறக் குறியில் பார்த்த அதே நோய், வேறு காரணம். பாதையை முதல் வரியில் விட்டுவிட்டு, அடிப்பதற்கு இரண்டாவது வரியை ஒதுக்கினால் இந்தத் தொந்தரவு பெருமளவு ஓய்ந்துவிடும்.

யாருக்கு எது

சர்வர்களே உலகம் என்பவர்: கையால் எழுதிய பிஎஸ்1. வேறு பேச்சில்லை. நிறத்தை மட்டும் சிந்தித்து வையுங்கள். மெஷின் நிறைய இருந்தால் மெஷின் பெயரிலிருந்தே ஒரு எண்ணைக் கணக்கிட்டு அதை நிறமாக்கலாம். ஒவ்வொரு மெஷினுக்கும் மாறாத ஒரு நிறம் தானாகக் கிடைக்கும். ஆனால் சிவப்பை அந்தக் குலுக்கலில் சேர்க்காதீர்கள். அது நிஜ சர்வருக்கு மட்டும்.

ஒரே லேப்டாப், ஒரே ஷெல், அதுவும் இசட்ஷெல்: ப்யூர், அல்லது கையால் எழுதிய இருபது வரி. பல ஷெல், பல இயங்குதளம்: ஸ்டார்ஷிப், ஐந்து மாட்யூலோடு. மிகப் பெரிய ரெப்போ, இசட்ஷெல், வேகத்தில் சமரசமே கிடையாது: பராமரிப்பு நிலவரம் தெரிந்தே எடுத்துக்கொள்வதானால் பவர்லெவல்10கே.

அந்நியர் தரும் ஃபோல்டர்களை அடிக்கடி திறக்கிறவர்கள் கிட்டைப் புதுப்பித்து வைத்திருக்க வேண்டும். ப்ராம்ப்ட்டில் கிட் இருந்தால், ஒரு ஃபோல்டருக்குள் வெறுமனே நுழைவதே அங்குள்ள கிட் அமைப்பை ஓடவிடுவதற்குச் சமம். வேறொரு யூசருக்குச் சொந்தமான ரெப்போவை நம்பாதே என்ற தடை 2022 ஏப்ரலில் 2.35.2-ல்தான் வந்தது.

நான் இப்போது வைத்திருப்பது: லேப்டாப்பில் ஸ்டார்ஷிப், சர்வர்களில் பதினோரு வரி பாஷ். அந்தப் பதினோரு வரியை முதலில் என் யூசருடைய கோப்பில்தான் வைத்திருந்தேன். ஒரு மாதம் கழித்து, அதே நிஜ சர்வரில் ரூட்டாக மாறியபோதுதான் கவனித்தேன்: சிவப்பு போய்விட்டது. ரூட்டுக்கு அதன் சொந்தக் கோப்பு. அதில் நான் எதையும் எழுதியிருக்கவில்லை. எது மிக ஆபத்தான இடமோ அங்கே மட்டும் ப்ராம்ப்ட் வெள்ளையாக, சாதுவாக நின்றுகொண்டிருந்தது. இப்போது அந்த வரிகள் எல்லா யூசருக்கும் பொதுவான பாஷ் கோப்பில் இருக்கின்றன, ரூட்டின் கோப்பு அதைத் திரும்ப மாற்றுகிறதா என்றும் பார்த்துவிட்டேன்.